பதிலுக்குக் கத்திய பெண்

லோத்குண்டாவில் என் கணவரின் நண்பர் வீட்டில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாடல்கள் கொண்ட பழைய ஆல்பம் ஒன்றைக் கேட்க உட்கார்ந்திருந்தோம். மேடைக் கச்சேரியில் பதிவு செய்தது. மனைவி தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று பாடகர் புலம்பினார்.

"போனது சரிதான்!" என்றேன், என்னை மறந்து.

"நக்கோ, வேணாம்! ப்ளூஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு? வாய மூடிக்கிட்டுக் கேளு" என்று எல்லார் எதிரிலும் சீறினார் என் கணவர்.

அதே நேரம் ஆல்பத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஏதோ கத்தினாள். பாடகர் சிரித்துவிட்டு, அவளுக்காக அந்த வரியை மறுபடியும் பாடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள மட்டும் யாரும் வாய மூடச் சொல்லலையே?" என்று கேட்டேன்.

இப்போதெல்லாம் சமைக்கும்போது அந்த ஆல்பத்தைச் சத்தமாக வைத்து, வரிக்கு வரி பதில் சொல்கிறேன். என் கணவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாத்தட்டும். பாடுகிறவருக்குக் கேட்கிறவர் பதில் குரல் கொடுப்பதும் சேர்ந்ததுதான் ப்ளூஸ். அது அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.