லானுக்குள்ள வர்ற கூழாங்கல்லு

லான் பார்த்துக்கற வேலைன்னா புல்லு வளர்க்கறதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லைங்க, கல்லு பொறுக்கறது.

அழகா இருக்கட்டும்னு வாசல்ல கூழாங்கல் பாதை போட்டு, அதை ஒட்டியே லானும் போட்டு, இப்போ குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போனவங்க யாராவது இதைப் படிக்கறீங்களா? வாங்க, நாம ஒரே கட்சி. நான் மரக்காணம் பக்கத்துல, கடலோரமா ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல தோட்டத்தைப் பார்த்துக்கறேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் உப்பளத்துல இருந்தேன். இங்க கேட்லேர்ந்து ரூம் வரைக்கும் வெள்ளைக் கூழாங்கல் பாதை, ரெண்டு பக்கமும் லான். காலையில ஒரு கூடை பொறுக்கினா, சாயங்காலம் மறுபடியும் புல்லு மேல ஜம்முனு உட்கார்ந்திருக்கும்.

கண்ணாடி

புல்லுல கல்லு கிடந்தா கிடந்துட்டுப் போகட்டும்னு விட முடியாது. புல்லு வெட்டற மெஷின் பிளேடுல மாட்டுச்சுன்னா, அது எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நேரா போய் டைனிங் ஹால் கண்ணாடியில விழுந்துச்சு. உள்ள தோசை சாப்பிட்டுக்கினு இருந்தவங்க டேபிளுக்கு அடியில பூந்துட்டாங்க. நல்ல வேளை, யாருக்கும் அடிபடலை.

மேனேஜர் சேகர் ஓடி வந்தாரு. என்னை விட வயசுல சின்னவரு, அக்கான்னுதான் கூப்பிடுவாரு. ஆனா கோவம் வந்துட்டா மரியாதையாவே மிரட்டுவாரு. எனக்கு நிஜமாவே பயமாப் போச்சு. உப்புத் தண்ணியில நின்னு நின்னு வெடிச்ச கால், இங்க வந்துதான் ஆறுச்சு. இங்க நிழல் இருக்குது, குடிக்க நல்ல தண்ணி இருக்குது. இதை விட்டுட்டு எங்க போறது? சேகர் உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "இன்னொரு கண்ணாடி உடைஞ்சுதுன்னா, பேசாம நீங்க உப்பளத்துக்கே போயிடுங்கக்கா."

போர்டு

ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்தேன். கல்லு தானா வரலை, செருப்புல வருது. அடியில இருக்கற பள்ளத்துல மாட்டிக்கினு வந்து, லான் மேல ஏறினதும் உதிருது. கண்டுபிடிச்சுட்டோம்டான்னு, லான் ஓரத்துல ஒரு போர்டு வச்சேன்: "செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்."

வச்சது தப்பாப் போச்சு. வந்தவங்க எல்லாம் பாதையிலயே செருப்பை வரிசையா விட்டாங்க. அப்புறம் வெறுங்காலோட கூழாங்கல் மேல நடக்க முடியுமா? ஸ்ஸ், அம்மான்னு துள்ளிக்கினு, பாதைப் பக்கமே போகாம எல்லாரும் லான் மேலயே நடக்க ஆரம்பிச்சாங்க. ஒரே வாரத்துல புல்லு செத்துச்சு. மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒரு பெரியவரு செருப்பைக் கழட்டி, சட்டைப் பட்டனை எல்லாம் ஒழுங்கா போட்டுக்கினு, பயபக்தியா என்கிட்ட வந்தாரு. "ஏம்மா, உள்ள என்ன சாமி?"

குவியல்

போர்டைப் பிடுங்கினதும் புல்லும் துளிர்த்துச்சு, கல்லும் திரும்ப வந்துச்சு. மழை சீசன்ல உப்பளத்துல வேலை இருக்காது. அங்க என்கூட இருந்த வள்ளியையும் ஸ்டெல்லாவையும் மூணு நாள் வேலைக்குக் கூட்டியாந்தேன். "புல்லுல இருக்கற கல்லை எல்லாம் சுத்தமா வாரிடுங்கடி"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்க்கறேன், பாதையையே காணோம்! புல்லுல இருந்தது, பாதையில இருந்தது எல்லாத்தையும் பலகையால வாரி, கூம்பு கூம்பா நாலு குவியல் வச்சு, தட்டி, மேல பனை ஓலை போட்டு மூடி, ஓலை பறக்காம செங்கல்லும் வச்சிருந்தாளுங்க. வானம் வேற இருட்டிக்கினு இருந்துச்சா, அவசர அவசரமா செஞ்சிருக்காளுங்க. எனக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியலை. "ஏண்டி, கல்லு என்ன உப்பா, மழையில கரையறதுக்கு?"ன்னு கத்தினேன். ஸ்டெல்லா குவியலைப் பார்த்தா, தன் கையைப் பார்த்தா. "கல்லுன்னு எங்களுக்கும் தெரியும்க்கா, கை கேக்கணுமே!"

நாலு விரக்கடை

வெறும் மண்ணா கிடந்த பாதையைப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சுது. பாதையும் லானும் ஒரே மட்டத்துல இருந்தா கல்லு ஏன் வராது? உப்புப் பாத்தி பள்ளத்துல இருக்குது, வரப்பு மேட்டுல இருக்குது, அதனால உப்பு பாத்தியிலயே கிடக்குது. மூணு பேரும் சேர்ந்து பாதையை விரலை வச்சு அளந்து, நாலு விரக்கடை ஆழத்துக்கு வெட்டினோம். அந்த மண்ணுலயே ரெண்டு பக்கமும் வரப்பு கட்டினோம். தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கி, கல்லைத் திரும்பக் கொட்டினோம். இனி செருப்புல மாட்டற கல்லும் வரப்பு ஏறறப்போ தட்டி உள்ளயே உதிர்ந்துடும்.

சேகர் நம்பலை. ஷூ காலால ஓங்கி உதைச்சுப் பார்த்தாரு. கல்லு வரப்புல முட்டி உள்ளயே விழுந்துச்சு. மறுபடி உதைச்சாரு, மறுபடி உள்ளயே விழுந்துச்சு. அவரு விளையாட்டு பிடிச்ச மாதிரி உதைச்சுக்கினே இருந்தாரு. "அக்கா, இதை மேடம் வந்து பார்க்கட்டும்!"

மேடம்

மேடம்னா எங்க ஓனரு. கண்ணாடி உடைஞ்ச கதை அவங்க காதுக்கும் போயிருந்துச்சு. அவங்க வர்றதுக்கு முந்தின ராத்திரி முழுக்க நல்ல மழை. மெட்ராஸ்லேர்ந்து வந்து இறங்கினதும் செருப்பைக் கையில எடுத்துக்கினு லான் முழுக்க நடந்தாங்க. நான் பின்னாடியே போறேன். ஒரு கல்லு கால்ல குத்திச்சுன்னா நாளைக்கு நான் உப்பளத்துல. குத்தலை. எங்கயும் குத்தலை. மேடம் திரும்பி என்னைக் காட்டி, "சேகர், மல்லிகா எங்கயும் போக வேணாம், இங்கயே இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புறம்தான் அவங்க பாதைப் பக்கம் திரும்பினாங்க, லான்ல கல்லு தேடற பயத்துல நானும் அப்போதான் பார்த்தேன். கேட்லேர்ந்து ரூம் வரைக்கும் கணுக்கால் அளவு தண்ணி. உப்பளத்துல பாத்தித் தரையை மிதிக்கறதே சொட்டுத் தண்ணி கீழ இறங்கக் கூடாதுன்னுதானே? அந்தப் பழக்கத்துல பாதையையும் மிதிச்சுட்டோம். தண்ணிக்கு அடியில வெள்ளைக் கல்லு ஒண்ணு கூட நகராம அழகா படுத்திருந்துச்சு. மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "எல்லாம் சரிதான், இப்போ நான் ரூமுக்கு எப்படிப் போறது?"

வரப்புல மடை வெட்டித் தண்ணியை வடிச்சு விட்டேன், வேலையும் தப்பிச்சுது, ஆனா இப்பவும் மழை தூறினா மண்வெட்டியைத் தூக்கிக்கினு மடை திறக்க ஓடறப்போதான் தோணுது, உப்பளத்துக்குத் திரும்பிப் போகவே மாட்டேன்னு இருந்தவ உப்பளத்தையே இங்க கட்டி வச்சுட்டேனேன்னு.