மேல்காற்றில் நாலரை இஞ்சு

பட்டிச்சோலை எஸ்டேட்டில் மழைக்கு இரண்டு வாசல். ஆனியிலிருந்து ஆவணி முடிய மேற்கிலிருந்து வரும். ஐப்பசி பிறந்தால் கிழக்கிலிருந்து வரும். மேல்காற்று ஏறி வருகிற நாட்களில் மலையின் மேற்கு முகத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். உச்சியைத் தாண்டி மறையூர்ப் பக்கம் இறங்கினால் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். தை மாதம் காற்று ஓய்ந்துவிட்டால் விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தின் மேல் உறைபனி உப்புத் தூவியது போலக் கிடக்கும். அங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துதான் என்ன? தெரிந்தவர்கள் செய்த தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

செபமாலையம்மாள் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். முழங்கால் தேய்ந்துபோன பிறகு, கிரச்சில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். கூடவே மழை அளக்கிற வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. மேற்கு மேட்டில், வெட்டவெளியில், ஒரு செம்புக் குழாய் நட்டிருக்கும். காலை ஏழு மணிக்குப் போய் அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்துக் கரும்பலகையில் எத்தனை இஞ்சு என்று எழுத வேண்டும். பலகையில் எட்டு இஞ்சு விழுந்துவிட்டால் மலையடியில் இருக்கிற கீழ் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சாமான் செட்டோடு ஸ்கூலுக்கு ஏறிவிட வேண்டும். எஸ்டேட்டின் எழுதாத சட்டம் அது. அதனால் அங்கே யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், பலகையைத்தான் பார்ப்பார்கள்.

"வானம் ஏமாத்தும், செபமாலையக்கா சாக்பீஸ் ஏமாத்தாது" என்று கேலி பேசுவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

ஒரு ஐப்பசியில், மேட்டுக்குப் போகிற வழியில், பனிமூட்டத்துக்குள் ஒற்றைக் கொம்பன் யானை நின்றது. இருபதடி தூரம் இருக்கும். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இவளுக்குக் குலை நடுங்கிப்போயிற்று. மறுநாளே சூப்பர்வைசர் பொன்ராஜிடம் போய் நின்றாள்.

"தம்பி, இனிமே அந்த மேட்டுக்கு என்னால ஏற முடியாது. ஆன மிதிச்சா எம் பொணத்தக்கூட அள்ள முடியாது. கொழாயப் புடுங்கிக் கிரச்சுக்குப் பின்னால நட்டுக் குடுத்துருங்க."

பொன்ராஜ் காதைக் குடைந்துகொண்டே சொன்னான்: "அதுக்கென்னக்கா, நட்டுட்டாப் போச்சு. கொழா எங்க இருந்தா என்ன? மழ எல்லா எடத்துக்கும் ஒண்ணுதான?"

ஒன்றுதானா? கிரச்சுக்கு மேற்கே எண்பதடி உயரத்துக்குக் கிராண்டிஸ் என்கிற தைல மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மேல்காற்று மழை நேராக விழாது, சாய்ந்து படுத்துக்கொண்டு வரும். மரவரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற குழாய்க்கு அதில் பாதிதான் கிடைக்கும். ஆனால் குழாயை நட்டது ஐப்பசியில். அப்போது காற்று கிழக்கு, கிழக்குப் பக்கம் திறந்தவெளி. மார்கழி வரைக்கும் அளவு பிசகாமல் வந்தது. எல்லாரும் சரி என்றார்கள். அவளும் சரி என்றாள். பொன்ராஜ் மாற்றலாகிப் போயும் விட்டான்.

ஆனியில் காற்று திரும்பியது. ஒரு நாள் காலை, முற்றத்தில் மறந்து வைத்த அண்டாவில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. குழாயில் போய்ப் பார்த்தால் ரெண்டு இஞ்சுகூட இல்லை. அண்டாவை நினைத்தாள், குழாயைப் பார்த்தாள், மரங்களை அண்ணாந்து பார்த்தாள். விஷயம் பிடிபட்டுவிட்டது. வெளியே சொன்னால் குழாய் மறுபடியும் மேட்டுக்குப் போகும், அதன் பின்னாலேயே அவளும் போக வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அந்த ஆனி முழுக்க, ஆடி முழுக்க, தெரிந்துகொண்டே குறைந்த கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பலகையில் நாலரை என்று எழுதிக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்தில் குடியிருந்த தங்கை பாக்கியம் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏக்கா, எத்தன?"

"நாலரதான். போயி வேலயப் பாரு."

"நாலரயா? ராத்திரி பூராம் கூரயில கல்லள்ளி எறிஞ்சாப்புல கேட்டுச்சே!"

"காத்துடீ அது. போ, நனையாத."

சாயங்காலம் நாலு மணிக்கு மலை இறங்கி வந்தது. கீழ் லயத்தில் ஒன்பது பேர் புதைந்துபோனார்கள். எட்டுப் பேரைப் பிணமாக எடுத்தார்கள். பாக்கியத்தை எடுக்க முடியவில்லை. பதினேழு நாள் தோண்டினார்கள், மண்வெட்டியில் அவளுடைய ஒரு துணிகூடச் சிக்கவில்லை. மலை என்றார்கள், விதி என்றார்கள், ஆண்டவர் சித்தம் என்றார்கள். குழாயைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மலையே விழுந்து கிடக்கும்போது குழாயை யார் நினைப்பார்கள்?

பாக்கியத்தின் புருஷன் வேதமுத்து எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். அன்றைக்கு மூணாற்றுக்குச் சவாரி போயிருந்ததால் பிழைத்துக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லை. செபமாலையும் புருஷனை இழந்த தனிக்கட்டை. இவள் வீட்டில்தான் அவனுக்கு இரண்டு வேளைச் சோறு. தட்டின் முன்னால் உட்காருவான், தலையை நிமிர்த்தாமல் கேட்பான்: "இன்னைக்கு எத்தன மதினி?"

நாலு வருஷமாக ஒரு நாள் தப்பாமல் கேட்டான். இவனுக்கு மட்டும் தெரிந்தால் என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வாள். கூட ஒரு கரண்டி சோறு போடுவாள்.

இன்னொன்றும் இருந்தது. இதை அவள் பங்குச்சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. கீழ்காற்று அடிக்கிற மாதங்களில் ஒன்றும் இருக்காது. ஆனி பிறந்து மேல்காற்று எழும்பிவிட்டால், கிராண்டிஸ் மரங்களுக்குள் ஒரு இரைச்சல் கிளம்பும். அந்த இரைச்சலுக்குள் செத்துப்போன பாக்கியத்தின் குரல் கேட்கும். பட்டப்பகலில், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏக்கா" என்பாள். அவ்வளவுதான். திட்ட மாட்டாள், அழ மாட்டாள். திட்டித் தொலைத்தாலும் பரவாயில்லை என்று இருக்கும். அந்த ஜன்னலுக்குச் செபமாலை சாக்கு வைத்து ஆணி அடித்தாள். சாக்குக்குக் காற்றைத் தடுக்க முடியுமா? சாக்கு உப்பும், உள்வாங்கும், ஆள் மூச்சு விடுவது போல. ஈரமான மண் வாடை வீசும். ஒன்பது, ஒன்பது இஞ்சுடீ என்று அவள் உதடு தானாக முணுமுணுக்கும். "ஆயா, யாருகூடப் பேசுற?" என்று பிள்ளைகள் சிரிக்கும்.

போன வருஷம் வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஜோமோள் என்கிற பெண் ஒரு மிஷினோடு வந்தாள். தானாகவே மழையை அளந்து போனுக்கு அனுப்பிவிடுமாம்.

"சேச்சி, பழைய குழாய் எங்க இருந்தது? அங்கேயே வைக்கணும், கேட்டோ. அப்பத்தான் பழைய கணக்கோட ஒத்துப் பாக்க முடியும்."

மேற்கு மேடு என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் விடுவாளா? ஏன் அங்கே என்று கேட்பாள், இங்கே வைத்ததில் என்ன குற்றம் என்று கேட்பாள், பிறகு ஒவ்வொன்றாக இழுத்தால் எல்லாம் வந்துவிடும். செபமாலையின் விரல் கிரச்சுக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. பாவி, அந்த விரலை அன்றைக்கு முழுக்க அவள் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷம் ஆடி வந்தது. கீழ் லயம் போன பிறகு மலையடியில் இப்போது நடு லயம்தான் கடைசி. பன்னிரண்டு வீடு, கைப்பிள்ளையோடு நாற்பத்தாறு உயிர். மேல்காற்று மூன்று நாளாக வேகம் குறையாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை பிரட்டுக்களத்தின் தகரக் கொட்டகைக்குள் சனம் நெருக்கியடித்து நின்றது. ஜோமோள் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நூத்திப்பத்து மில்லிமீட்டர். நாலு இஞ்சு சொச்சம். ஸ்கூல்ல கேம்ப் திறக்க இருநூறு வேணும். பயப்பட வேண்டாம், வீட்டுலயே இருங்க."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. நடு லயத்துப் பெண் ஒருத்தி, கிரச்சுக்கு வருகிற தன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நல்லவேள, அடுப்புல உல வச்சுட்டு வந்தேன்" என்று கீழே இறங்கத் திரும்பினாள். வேதமுத்து ஜீப் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். செபமாலை அவனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். சொன்னால் இவன் போய்விடுவான், உலகத்தில் இருக்கிற ஒரே சொந்தம். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை போய்விடும்.

"ஏ, நில்லு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பியது. "எறங்காத! அந்த மிஷின் சொல்லுதது பாதிக் கணக்கு. மரம் மறைக்கி. மேகாத்து மழைய மரம் பூராத்தையும் வாங்கிக்கிடும். நாலுன்னா எட்டுக்கு மேல."

"சேச்சிக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜோமோள்.

"எனக்குத் தெரியும். நாலு வருசமாத் தெரியும்." வேதமுத்துவின் பக்கம் திரும்பாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஆனைக்குப் பயந்து நாந்தான் கொழாயப் பேத்துக் கொண்டாரச் சொன்னேன். ஆனியிலயே தப்புன்னு கண்டுபிடிச்சிட்டேன். மறுபடி மேட்டுக்கு ஏறணுமேன்னு வாய மூடிட்டேன். அன்னைக்கு நாலரன்னு எழுதுனனே, அது ஒம்பது. ஒம்பது பேத்தையும் மல கொல்லல. நாந்தான் கொன்னேன். இப்பவாச்சும் ஸ்கூலுக்கு ஏறிப் போங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

கீழ் லயத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, "அடி சண்டாளி! எம்புள்ளைக்கு மாலை போட வந்தியேடி!" என்று ஓடி வந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். செபமாலை தடுக்கவில்லை. நாலு பேர் விலக்கிவிட்டார்கள். ஜோமோள் அதற்குள் போனில் யாரிடமோ மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தாள். ஸ்கூல் சாவிக்கு ஆள் ஓடியது.

வேதமுத்து தூணை விட்டு நகர்ந்து அவள் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அன்னைக்குக் காலைல பலகையப் பாத்துட்டு வந்தும் அவளுக்கு மனசு கேக்கல, மதினி" என்றான். குரலில் கோபமே இல்லை. "துணிமணியெல்லாம் மூட்ட கட்டி வாசல்ல வச்சுட்டா. ஸ்கூலுக்குப் போயிருவோம், எனக்கு என்னமோ பண்ணுதுன்னா. நாந்தான் சிரிச்சேன். ஒங்கக்கா எழுதுனா தப்பாதுடீ, மூட்டைய அவுருன்னு சொல்லிட்டு ஜீப்ப எடுத்தேன். அவ அவுத்துட்டிருந்தா. கண்ணாடியில பாத்தேன்."



"இத்தன நாளும் மலதான் கொன்னுச்சுன்னு நெனச்சு சோறு தின்னுட்டுக் கெடந்தேன்" என்றான். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்."

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி நடு லயத்துக்குப் போனான். உச்சிப்பொழுதுக்குள் பன்னிரண்டு வீடும் காலியாயிற்று. நடக்க மாட்டாத இரண்டு கிழடுகளை அவன்தான் ஒவ்வொருத்தராகத் தோளில் தூக்கி மேலே கொண்டுபோனான். கிரச்சின் முன்னால் நின்ற செபமாலையை, இறங்கும்போதும் ஏறும்போதுமாக, நாலு தடவை கடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கும் அவன் வரவில்லை. ராத்திரிக்கும் வரவில்லை.