வலி இல்லாத நாளில் வருகிறவர்கள்

பொம்பளை ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்றால், மற்றவர்கள் சொல்லக் கூசுவதை டாக்டரம்மாவிடம் நாம் எடுத்துச் சொல்கிற வேலை. ஐந்தாவது வரை படித்த எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கே எழும்பாது. மாதாமாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும்: எனக்கும் அந்த வலிதான். மகளுக்கு நாலு வயதாகியும் அடுத்ததைக் காணோம். சொன்னால் கருப்பையையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

தலைக்கு ஊற்றிய பிறகு

தேவிபட்டினத்து அக்கா ஒருவர் வலியில் செத்துப் பிழைத்ததாகச் சொல்லி வந்தார். டாக்டரம்மா வயிற்றை அமுக்கி, வலிக்கிறதா என்றார். இப்போது இல்லையாம், போன வாரமாம். அப்போதே ஏன் வரவில்லை என்றதற்கு அந்த அக்கா, புத்தி சொல்வதுபோலச் சொன்னார்: "தீட்டோட பஸ்ஸுல ஏறி நாலு பேரைத் தொட்டுக்கிட்டா வரச் சொல்றீக? தலைக்கு ஊத்திட்டுத்தான் வாரேன்."

உப்பளத்துக்காரி

சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. டாக்டரம்மா அவளுக்கு விளக்கியதைத் துண்டோடு பக்கத்தில் நின்ற நானும் கேட்டேன்.

கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே சினைப்பை மேலும் குடல் மேலும் ஒட்டி வளர்கிறதாம். தீட்டு ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னால் போய் அப்படி ஆகலாம், உறுதியாகத் தெரியாது என்றார். மாதாமாதம் அதுவும் ரத்தம் விடும். வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கட்டியாகும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அவள் பதறவில்லை. "மடையில்லாத பாத்தியில தண்ணி நின்னா உப்பு படியத்தானம்மா செய்யும்? எங்கன வெட்டிவிடலாம்னு பாருங்க" என்றாள்.

சொந்தக்காரப் பெண்

அவள் போனபின், ஒரு பிள்ளை பெற்றவளுக்கும் இது வருமா என்று துணி மடித்தபடி டாக்டரம்மாவிடம் கேட்டேன். யாருக்கு என்றார். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு என்றேன். வரும், வலிக்கிற அன்றைக்கே கூட்டி வா என்றார்.

அடுத்த மாதம் வீட்டுக்குத் தூரமாகி, கொல்லைக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தேன். காய்ச்சல், வேலைக்கு வரமாட்டேன் என்று பக்கத்து வீட்டு ஆள் மூலம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் குதிரை வண்டி. தீட்டு, கிட்டே போகாதீக என்று மாமியார் தடுக்கத் தடுக்க, டாக்டரம்மா பையோடு குனிந்து உள்ளே வந்து பாயிலேயே உட்கார்ந்தார். என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "எங்கடி உன் சொந்தக்காரப் பொண்ணு, வலி நின்னதுக்கு அப்புறம்தான் வருவாளா?" என்றார்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தவளுக்கு, கடைசியில் ஆஸ்பத்திரிதான் வீடு தேடி வரவேண்டியிருந்தது.