றஞ்சிதமலர் தேய்த்த கிற்றார்

கல்முனையில் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மெல்ரொயின் பாண்ட். மெல்ரொயின் பாண்ட் என்றால் மேடையின் இடது மூலையில் பேஸ் கிற்றாரோடு டெஸ்மன்ட். முப்பத்திமூன்று வருஷமாக அந்த மூலை அவருடையது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பைலாவுக்குக் கம்பியைத் தட்டினால் கதிரையில் இருக்கிற கிழவிகளுக்கும் கால் நிற்காது. குறையெல்லாம் அவருடைய வாயில்தான்.

அந்த வாயில் அதிகம் அகப்பட்டவன் ஜெப்றி. வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். டெஸ்மன்டுக்குச் சுகமில்லாத நாட்களில் மெல்ரொய் அவனைத்தான் கூப்பிடுவார். ஜெப்றியிடம் இருப்பது ஐந்து கம்பி போட்ட புது மொடல். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பற்றறி இருக்கிறது. அந்தப் பற்றறியின் தயவில், கிற்றாரிலேயே உள்ள குமிழ்களைத் திருகிச் சத்தத்தைத் தடிப்பாக்கலாம், கூராக்கலாம். டெஸ்மன்டுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

"பற்றறி போட்டா அது ரோச் லைட்டு, கிற்றார் இல்ல" என்பார், ஜெப்றியின் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே. "விரலில சத்தில்லாதவனுக்குத்தான் குமிழ் தேவை."

டெஸ்மன்டின் சொந்தக் கிற்றார் அறுபதாம் ஆண்டுகளில் செய்தது, கப்பல் பாட்டுக்காரன் ஒருவனிடம் வாங்கியது. சுனாமியில் கடல் வந்த வருஷம் அது போய்விட்டது. அதே அலையில் அவருடைய மாமியாரும் போனார். "மாமியும் போனா, கிற்றாரும் போச்சு" என்று சொல்லும்போது, இரண்டாவதற்குத்தான் அவர் கண்ணைத் துடைப்பார். மாமியாரின் மகள் றஞ்சிதமலர் அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றுவாள். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து வாசித்தார், வாசித்ததையெல்லாம் ஏசினார்.

மகள் றொஷேல் ஏழு வருஷமாகக் கட்டாரில் இருக்கிறாள், ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில். இந்த மார்கழியோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்தமுறை லீவுக்கு அல்ல, ஒரேயடியாக வருகிறாள். றஞ்சிதமலர் ஆடியிலேயே மகளின் அறைக்கு வெள்ளை அடித்து, திரைச்சீலை தைத்து, கட்டிலை வெயில் படாத பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாள். நாட்காட்டியில் நாட்களை வெட்டிக்கொண்டு வருகிறாள்.

வருவதற்கு முன்னால் அப்பாவுக்கென்று மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். அங்கே வேலை செய்து லீவில் வந்த சாய்ந்தமருது இஹ்ஸான் தோளில் சுமந்துவந்து கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பேஸ் கிற்றார். கடலில் போன கிற்றார் எந்த அச்சோ அதே அச்சு, அதே நிறம். ரீஇஷ்யூ என்பார்கள், பழைய மொடலைக் கம்பனியே திரும்பவும் அப்படியே புதிதாகச் செய்து விற்பது. அதிலும் இது விலை கூடின ரகம். அறுபது வருஷம் வாசித்ததுபோலத் தெரியவேண்டுமென்று தொழிற்சாலையிலேயே பெயின்றை உரித்து, ஆணிகளுக்குத் துரு ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

டெஸ்மன்ட் அதைத் தூக்கிக்கொண்டு நேரே சரீபின் கடைக்குப் போனார். கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பவர் சரீப். மேடையில் இவர்களுடைய சத்தத்தைச் சரிபார்ப்பதும் அவர்தான். சரீப் வயரைச் சொருகிக் கொடுத்தார். நாலு தட்டுத் தட்டிவிட்டு டெஸ்மன்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"தேன்" என்றார். "கேட்டியா சரீப், இதுதான் மரத்துட சத்தம். ஜெப்றிட ரோச் லைட்டைக் கொண்டுபோய் மீன்பெட்டியில போடச் சொல்லு."

ஆணிக்கு ஏன் துரு என்று வீட்டில் விளங்கப்படுத்த அவருக்கு ஒரு நிமிஷம் போதும். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு நிமிஷம் றஞ்சிதமலருக்குக் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை அவர் பென்ஷன் எடுக்கப் போன நேரம், அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஆணியெல்லாம் துரு. கை படுகிற இடத்தில் பெயின்ற் இல்லை. எவனோ வாசித்துத் தள்ளிய பழசை ஏழு வருஷம் உழைத்த பிள்ளையின் தலையில் கட்டிவிட்டான், மேடையில் ஊர்ச்சனம் கண்டால் பிள்ளையைச் சொல்லிச் சிரிக்கும் என்றுதான் நினைத்தாள். கோயிலில் சனிக்கிழமை தோறும் பீடத்துப் பித்தளை விளக்குகளைத் தேய்க்கும் பெண்களில் அவள் ஒருத்தி. அவள் கை பட்ட விளக்கைத் தனியாக அடையாளம் சொல்லலாம். அதே புளி, அதே சாம்பல். ஆணி ஆணியாகத் தேய்த்தாள். உட்காரும் வாங்குக்குப் பூசி மிஞ்சிய வார்னிஷை உரிந்த இடங்களில் இரண்டு தரம் பூசினாள். மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் வாசலில் நின்று அவரைக் கூட்டிவந்து காட்டினாள்.

அவர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு சரீபின் கடைக்குப் போனார். சரீப் மத்தியான லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். டெஸ்மன்ட் தானே வயரைச் சொருகித் தட்டினார். போர்வைக்குள் இருந்து யாரோ கதைக்கிற மாதிரி இருந்தது. திரும்பி வந்து குசினி வாசலில் நின்று நிதானமாகச் சொன்னார்:

"ஏழு வருஷம் உன்ட மகள் ஊரான்ட ஊத்தையைத் தோய்ச்சுச் சேர்த்ததை, நீ ஒரு காலையில தேய்ச்சு முடிச்சிட்டாய்."

அதோடு விட்டாரா? கோயில் படியில் சொன்னார், மீன் சந்தையில் சொன்னார், சலூனில் சொன்னார். சனிக்கிழமை பித்தளை தேய்க்கப் போனால், "நீ விடு றஞ்சி, விளக்காவது மிஞ்சட்டும்" என்று பெண்கள் சிரித்துக்கொண்டு அவள் கையிலிருந்து புளியை வாங்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. பிறகு சோறும் குறைந்தது. மகளுக்குப் போன் எடுத்துத் தானே சொன்னாள்: "அம்மா பழுதாக்கிப்போட்டன் மகள்."

இரண்டு மாதம் டெஸ்மன்ட் மேடை ஏறவில்லை. செத்த கிற்றாரை வைத்து என்ன செய்வது என்றார். கார்த்திகை கடைசியில் சரீப் அவரைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"கிற்றாரையும் கொண்டு வாங்க டெஸ்மன்ட் அண்ணன்."

வந்ததும் தானே வயரைச் சொருகி, அம்ப்ளிபயரில் ஒரு குமிழை வலதுபக்கம் திருகிவிட்டு, வாசியுங்க என்றார். டெஸ்மன்ட் தட்டினார். தேன். அதே தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

சரீப் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கோவிக்காதீங்க அண்ணன். ரெண்டு வருஷமா உங்களுக்குக் கூர்ச் சத்தம் காதில விழுகிறல்ல. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு காது போயிட்டு. மேடையில உங்கட அம்ப்ளிபயரில இந்தக் குமிழை நான்தான் கூட்டி வைக்கிறன். முதல் நாளும் கூட்டித்தான் தந்தன். அண்டைக்கு நான் இல்லாத நேரம் நீங்களே சொருகி இருக்கீங்க."

"பெயின்ற்…" என்றார் டெஸ்மன்ட்.

"ஆணியைத் தேய்ச்சா சத்தம் போகுமா? கிற்றாருக்கு ஒண்டும் இல்ல. அக்கா பாவம், பாதியாப் போயிட்டா. போய்ச் சொல்லுங்க. நான் சொல்லுறது முறையில்ல."

"மெல்ரொய்க்குத் தெரியுமா?"

மனைவியைப் பற்றிச் சொன்ன இடத்தில் மனுஷன் கேட்ட கேள்வி இது. சரீபுக்கு வெறுத்துப்போயிற்று. தெரியாது என்று மட்டும் சொன்னார்.

"நான் வீட்ட சொல்லுறன்" என்று டெஸ்மன்ட் எழும்பினார்.

சொல்லத்தான் போனார், அதை மறுக்க வேண்டியதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது வசனம்கூட ஆயத்தமாக இருந்தது. ஆனால் றஞ்சிதமலருக்குச் சொன்னால் மகளுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், மெல்ரொய்க்குத் தெரியும். செவிடன் என்பார்கள். இடது மூலையில் இனி எப்போதும் ஜெப்றிதான் நிற்பான்.

வீட்டில் றஞ்சிதமலர் போனில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. அவரைக் கண்டதும் எழும்பினாள்.

"மகள் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போறாவாம். வச்சா கையில ஒரு தொகை குடுப்பாங்களாம், அதில உங்களுக்கு வேற கிற்றார் எடுத்து அனுப்புறாவாம். நான் வேணாம் எண்டுதான் சொன்னன். உங்கள்ட்டக் கேக்கட்டாம், அதே பழைய மாதிரியே எடுக்கிறதா எண்டு."

போனை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்திருந்தது. புதுத் திரைச்சீலை தெரிந்தது.

டெஸ்மன்ட் போனை வாங்கினார். "அப்பா?" என்றாள் மகள். ஒரு வசனம் போதும். கிற்றாருக்கு ஒன்றுமில்லை, வா மகள் என்று சொன்னால் முடிந்தது. அவர் வந்ததும் சுவரில் சாத்திவைத்த கிற்றாரைப் பார்த்தார். அம்ப்ளிபயர் குமிழை இனி எத்தனை நாளைக்குச் சரீப் திருகித் தருவான் என்று யோசித்தார். தானே போய்த் திருகினால் மேடையில் எல்லாரும் காண்பார்கள். ஜெப்றியின் கிற்றாரில் குமிழ் கிற்றாரிலேயே இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தானே கூட்டிக்கொள்ளலாம்.

"பழசு வேணாம் மகள்" என்றார். "புது மொடல் எடு. பற்றறி போடுறது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். றஞ்சிதமலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பா கதைச்சிட்டார் மகள்" என்றாள். "கோவம் ஆறிட்டு. இனி வாறத நான் தொடவே மாட்டன்."