புழக்கத்தில் இல்லாத பாதை

வண்டிப்பாதை என்று கிராமக் கணக்கில் பதிவான புறம்போக்கை யாரும் மறிக்கக் கூடாது. மறித்தே ஆக வேண்டுமென்றால் ஊரில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, மாற்றுப் பாதை காட்டிய பிறகுதான் மறிக்கலாம். வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருடம் இதைப் பிறருக்கு எழுதி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்று, பிள்ளைப்பாக்கம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த நான்காம் வருடம், எங்கள் தெருவிலிருந்து ஒரகடம் சாலைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு தொழிற்சாலையின் மதில் எழுந்தது. அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு நல்ல சுவர் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

நகரம் வளர்ந்தால் எல்லாம் பக்கத்தில் வந்துவிடும் என்பார்கள். எங்களுக்கு முதலில் பஸ் தூரமாகப் போனது.

என் மாடி அறையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். வேறொரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்குச் சாலையில் நிற்கும். பாதை வழியே பத்து நிமிடம். ஏரிக்கரையைச் சுற்றினால் முக்கால் மணி. மாதத்தில் மூன்று முறை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது.

எதிர்வீட்டு விவசாயி யோசிக்கவே இல்லை. கடப்பாரையால் மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். தெருவே அதில் குனிந்து போய் வந்தது. நான்தான் விடவில்லை. புல வரைபட நகலோடு பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருந்தேன். மனு நிலுவையில் இருக்கும்போது மதிலை உடைத்தால் நாம்தான் குற்றவாளி, மனுவே கெட்டுப்போகும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு ஓட்டையை அடைத்தேன்.

"ரெண்டு எட்டு வச்சா ரோடு. இப்படி முள்ளப் போட்டுட்டியளே சார்?" என்றாள் மாடிப் பெண்.

"ஒரு மாசம் பொறுத்துக்கோம்மா. ரூல் நம்ம பக்கம்."

"பஸ்ஸு அந்தப் பக்கம்லா நிக்கி."

ஆனாலும் வீட்டுக்காரர் சொல்லாயிற்றே. நாலரைக்கே கிளம்பிச் சுற்றிப் போனாள்.

மாதங்கள் போயின. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், உன் மனுவும் ஏரிக்கரைய சுத்திக்கினு போவுதா?" என்பார். அலுவலகத்துக்கு நான்கு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நான்காவதில் கொஞ்சம் கடுமையாகவே.

ஐப்பசி மழையில் கரை சேறாயிற்று. அந்த மாதம் அவள் மூன்று முறை பஸ்ஸை விட்டாள். பெட்டியோடு இறங்கி வந்து சாவியைக் கொடுத்தபோது, "மனு என்னாச்சு சார்?" என்று மட்டும் கேட்டாள். நிலுவையில் இருக்கிறது என்றேன்.

"அப்ப நான் வாரேன் சார்."

அவளும் சுற்றித்தான் போனாள், தலையில் பெட்டியோடு.

பதில் ஒரே பத்தி. தல ஆய்வின்போது மேற்படி பாதை புல் மண்டி, மதில் திறப்பு முள்ளால் அடைக்கப்பட்டு, பொதுமக்கள் புழக்கத்தில் இல்லை எனத் தெரியவருவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். மனு அனுப்பியது 2001 ஜூன் மாதம். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பதிலை வாங்கியது 2002 மார்ச் 14.