தம்பிக்குக் கொண்டுபோன பூனைமீசை

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பட்டர்வொர்த் பெர்ரித் துறைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். வானம் மூடிக்கிடந்தது. கையில் ஒரு பை, பை நிறையப் பூனைமீசைத் தழை. மலாய்க்காரர்கள் மிசாய் கூச்சிங் என்பார்கள். பூவிலிருந்து வெள்ளை நரம்புகள் மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். துளசிக்கு உறவுச் செடி. தண்டைத் தொட்டால் துளசிபோலவே நாலு பட்டையாக இருக்கும்.

கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில் தனியாக இருக்கும் என் தம்பி மணியத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். "அக்கா, வரும்போது அந்தத் தழையக் கொண்டா" என்று போனில் சொன்னான். வேறொன்றும் கேட்கவில்லை.

பெர்ரிக் கட்டணம் இரண்டு வெள்ளி, வயதானவர்களுக்குக் குறைவு. எதிரில் இருந்த பெண் பையை எட்டிப் பார்த்தாள்.

"மிசாய் கூச்சிங்கா அக்கா? எப்படிக் காய்ச்சுவீங்க?"

மூன்று குவளைத் தண்ணீர் ஒன்றாகச் சுண்டவேண்டும், வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும் என்றேன். நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் எங்கள் வரிசை வீடுகளில் இதுதான் மருந்து. என் வீட்டுக்காரருக்குக் கிட்னிக் கல் இறங்கியதும் இதில்தான்.

"எங்க மாமியாருக்கும் குடுப்போம். கசப்புலா! குடிச்சிட்டு என்னையத்தான் ஏசுவாங்க" என்று சிரித்தாள். நட்டு வைக்க இரண்டு தண்டு கேட்டாள். கொடுத்தேன்.

ஒன்பதரை மணிக்கு அக்கரை. வாடகைக் காரில் ஜெலுத்தோங்குக்கு ஒன்பது வெள்ளி. அங்கே ரத்தம் சுத்தம் செய்யும் இடத்தில் தம்பியின் கையிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"பூனைக்காச்சும் மீசை இருக்கு. எனக்குக் கொட்டிப்போச்சு, பாத்தியா?"

தாதி வந்துவிட்டாள். இங்கே அவர்களை மிஸ்ஸி என்பார்கள். தமிழ்ப் பெண்தான்.

"ஆன்ட்டி, பையில என்ன?"

"சூப்புக்கு, மிஸ்ஸி" என்று தம்பி முந்திக்கொண்டான்.

அவள் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். "இவருக்கு ஆகாது ஆன்ட்டி. இதுல பொட்டாசியம் ரொம்ப அதிகம். உங்களுக்கும் எனக்கும் ஒன்னுக்கோட போயிரும். இவருக்குப் போக வழியில்ல, ரத்தத்துலயே தங்கிரும். நெஞ்சு நின்னுரும்லா."

நான் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அவன் வீட்டுக்கு வந்தோம். எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாட்டின் சுவர். உள்ளே வந்ததும் அடுப்பில் பாத்திரத்தை வைத்தான்.

"மிஸ்ஸி சொன்னது காதுல விழலியா?"

"அவளுக்கு மெஷின்தான் தெரியும். அத்தானுக்குக் குணமாச்சுல்ல? எனக்கும் ஆகும். இதக் குடிச்சிட்டு மெஷினுக்குப் போறத நிறுத்தப்போறேன்."

நாளுக்கு இரண்டு குவளைத் தண்ணீர்தான் அவனுக்கு அனுமதி. காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல், அன்றைய பங்கு முழுவதையும் கஷாயத்துக்கென்று மிச்சம் வைத்திருக்கிறான். அதைச் சொன்னபோது அவன் நாக்கு ஒட்டியது.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அத்தானுக்கு வந்தது கல்லு. உனக்கு வந்தது அது இல்ல தம்பி. நான் காய்ச்ச மாட்டேன்."

"அப்ப எனக்கு என்னதான் இருக்கு?"

"மெஷின் இருக்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தழையைக் கொண்டுபோய்ப் படிக்கட்டோரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வந்து ஒரு குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நனைத்து நனைத்துக் குடித்தான். முகம் கஷாயம் குடித்ததுபோல் சுளித்தது.

"செவ்வாக்கிழம மெஷினுக்குப் போவியா?"

"மழை வருது. பெர்ரியப் புடி."

நான்கு மணிப் பெர்ரி. கடலும் வானமும் ஒரே சாம்பல். எங்கள் வீட்டுச் சாக்கடையோரத்தில் அந்தச் செடி இடுப்பளவு நிற்கிறது. யார் வேண்டுமானாலும் ஒடித்துப் போவார்கள், குணமும் ஆகும். என் தம்பிக்கு மட்டும் ஆகாது. மிஸ்ஸியிடம் சூப்புக்கு என்றவன், போனில் கேட்டால் என்னிடமும் "மெஷினுக்குப் போய்ட்டேன்" என்றுதான் சொல்லுவான். செவ்வாய்க்கிழமை நானே வந்து அவனைக் கூட்டிப்போக வேண்டும். அன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை, காருக்கு வழியில்லை. எந்த பஸ், எங்கே மாறுவது என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.