டீக்கு ஒரு மன்னிப்பு

யார்க்‌ஷரில் துணிக்குச் சாயம் போடும் ஆலை ஒன்று இருந்த ஊரில், உங்கள் காலை மிதித்தவனிடம் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்பீர்கள். வின்னி அக்ராய்டும் அப்படி வளர்ந்தவள்தான்.

கொதிக்கும் சாயத்தொட்டியின் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது என்று அவள் கணவன் ஆர்தர் இரண்டு முறை சொல்லியிருந்தான். யாரும் சரி செய்யவில்லை. ஒரு நாள் அந்தக் கம்பியோடு தொட்டிக்குள் போனான்.

ஆலை அவன் நினைவாகக் கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சு போடுவதாகச் சொன்னது. பித்தளைத் தகட்டைக் காட்ட மானேஜர் பிக்கர்ஸ்கில் அவளை வரச்சொன்னார். ஆர்தரின் பெயருக்குக் கீழே, 'ஆழ்ந்து வருந்துகிறோம்.'

"வருத்தம் மழை வந்தாக்கூடப் படலாங்க. மன்னிப்புக் கேக்கறோம்னு போடுங்க."

"அப்படிப் போட்டா தப்பு எங்களோடதுன்னு ஆயிடும்மா."

"வேற யாரோடது?"

அவர் அவள் கோப்பையைப் பார்த்தார். "அடடா, டீ ஆறிப்போச்சே. மன்னிச்சுக்கோங்க."

"டீக்கு வருது. ஆர்தருக்கு வரலையா?"

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். வாசல் குறுகல். வெளியேறும்போது அவள் தோள் அவர் மேல் பட்டுவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க," என்றது அவள் வாய்.

"பரவாயில்லம்மா," என்றார் அவர்.

தெருமுனை வரை வந்துதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னவள் தானே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவரும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.

அதன்பிறகு அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் இடித்தாலும் இறைச்சிக் கடையில் வரிசை தவறினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். புருஷனோடு மரியாதையும் போய்விட்டது என்றார்கள் ஊரார்.

பக்கத்து வீட்டில் ஆர்தரின் தங்கை டோரீன். ஆலைக் கேன்டீனில் வேலை. வின்னியோடு அழுதவள் அவள் ஒருத்திதான்.

"அவங்க போடறபடியே அந்தப் பெஞ்சையாவது வாங்கிக்கடி. கால் வலிச்சா உக்காரலாம்."

"உனக்கு வேலை போயிடுமேன்னு பயம். அண்ணனை வித்துட்ட."

டோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்ன? மன்னிப்புக் கேளு."

சொன்னது பொய் என்று வின்னிக்கே தெரியும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதற்குப் பின்னால் பிக்கர்ஸ்கில்லின் முகம்.

"எனக்கு வருத்தமா இருக்கு, டோரீன்."

டோரீன் எழுந்தாள். "நீயும் ஆலைக்காரன் மாதிரியே பேசறடி," என்று சொல்லிவிட்டு உரித்த கிழங்குகளை அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெஞ்சு வரவில்லை. பல வருஷம் கழித்து ஆலையை மூடியபோதும் யாரும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு பெண்களும் பேச்சுவார்த்தை இல்லாமலே ஒரே சுவரின் இரு பக்கமும் கிழவிகளானார்கள். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும்.